அம்பிளிக்கைப் பெண்கள் உலகுக்குச் சொன்ன பாடம்



எப்போதும் போல இன்றும் கொஞ்சம் நீளமான பதிவுதான். டூப்ளே, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, மிஷன் வீதி என்று நம் ஊர்ப் பழங்கதைகளை எழுதினால் விரும்பிப் படிக்கிறீர்கள். இன்று எழுதப்போவது ஒரு நோயின் வரலாறு. "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஆண் பிள்ளைகள் நகர்ந்துவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கர்ப்பப்பையின் அடிப்பகுதியில், குடத்துக்குக் கழுத்துபோல இருக்கும் இடத்தில் வருவது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. நம் நாட்டில் சுமார் 1,27,000 பேருக்கு. அதே ஆண்டில் இந்தியாவில் இதனால் இறந்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு நிமிடத்துக்குள் ஒரு பெண். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம் என்றால், அடுத்த மணி அடிப்பதற்குள் ஆறு பேர். இதில் மனதை அறுக்கும் செய்தி என்னவென்றால், புற்றுநோய்களில் முன்கூட்டியே தடுக்கக்கூடியவை என்று சொன்னால் அதில் முதல் வரிசையில் நிற்பது இதுதான். தடுக்கும் வழி தெரிந்திருக்கிறது. அந்த வழியை நிரூபித்ததில் பெரும் பங்கு நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமத்துப் பெண்களுடையது. இந்தச் சங்கதி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்காகத்தான் இந்தப் பதிவு.

கதையை இத்தாலியிலிருந்து தொடங்க வேண்டும்.

*வெரோனா நகரத்துக் கன்னியாஸ்திரிகள்*

1842ஆம் ஆண்டு. வெரோனா நகரில் ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர், 1760 முதல் 1839 வரை எண்பது ஆண்டு இறப்புப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். கர்ப்பப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களில் மணமான பெண்களும் விதவைகளும் அதிகம். மடத்தில் வாழ்ந்த கன்னியாஸ்திரிகளில் மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோயோ அவர்களுக்குத்தான் அதிகம் இருந்தது.

நம் ஊரில் மடங்களுக்குக் குறைவில்லை; அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். மணவாழ்க்கைக்கும் இந்த நோய்க்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அந்தக் கணக்கு காட்டியது. ஆனால் அது என்ன தொடர்பு என்று கண்டுபிடிக்க இன்னும் 140 ஆண்டுகள் ஆயின.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது? விஞ்ஞானம் பதில் சொல்லாத இடத்தில் ஊர் பதில் சொன்னது. சீமையிலும் சரி, இங்கேயும் சரி, நடத்தையோடு முடிச்சுப் போட்டார்கள். நோய் வந்தவள் வாய் திறக்காமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

*பாப்பனிகொலாவும் அவர் மனைவியும்*

ஜார்ஜ் பாப்பனிகொலாவ் என்று ஒரு கிரேக்கர். அமெரிக்காவுக்குப் போய் நியூயார்க்கில் ஆராய்ச்சி செய்தவர். பெண்ணின் உறுப்பிலிருந்து உதிரும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றுநோயை அடையாளம் காணலாம் என்று 1928இல் சொன்னார். யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் ருமேனியாவில் பாபெஷ் என்ற மருத்துவரும் இதேபோன்ற முறையைக் கண்டறிந்து பிரெஞ்சு மருத்துவ இதழில் எழுதினார். 1940களில் பாப்பனிகொலாவின் முறை உலகத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்று 'பாப் ஸ்மியர்' என்று மருத்துவமனையில் சொல்கிறார்களே, அந்தப் 'பாப்' அவர் பெயரின் முதல் பகுதி.

அந்த ஆராய்ச்சிக்குப் பல ஆண்டுகள் தன் உடலிலிருந்து மாதிரி கொடுத்தவர் அவர் மனைவி மேரி. பாடப்புத்தகத்தில் கணவர் பெயர் மட்டும் இருக்கிறது. இந்த நோயின் வரலாற்றில் இது தொடர்ந்து நடப்பதைக் கவனியுங்கள்: அறிவு வருவது பெண்ணின் உடலிலிருந்து; பெயர் போவது வேறு எங்கோ.

பின்லாந்து போன்ற நாடுகள் 1960களிலேயே எல்லாப் பெண்களையும் முறை வைத்து அழைத்து இந்தச் சோதனையைச் செய்தன. அங்கே இறப்பு மளமளவென்று குறைந்தது. ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற வல்லுநர் வேண்டும், ஆய்வகம் வேண்டும், முடிவு வந்த பிறகு அந்தப் பெண்ணை மறுபடி வரவழைக்க வேண்டும். மூன்றும் இல்லாத ஊரில் என்ன செய்வது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல்லுக்குப் போகும்போது விடை கிடைக்கும்.

*1951, 1954*

1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்றியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார். வயது 31. ஐந்து பிள்ளைகளின் தாய். சிகிச்சையின்போது அவருடைய கட்டியிலிருந்து எடுத்த செல்கள் ஆய்வகத்தில் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. இன்றும் உலகம் முழுவதும் ஆய்வகங்களில் 'ஹீலா' என்ற பெயரில் அவை வளர்கின்றன. போலியோ தடுப்பூசி ஆராய்ச்சி முதல் எத்தனையோ ஆராய்ச்சிகள் அவற்றால் நடந்தன. அந்த அம்மாவிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. குடும்பத்தாருக்கே விஷயம் தெரிய இருபது ஆண்டுக்கு மேல் ஆனது.

அதே காலத்தில் நம் பக்கத்தில் நடந்ததையும் பார்ப்போம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்த நோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடி நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் தேதி அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதிதான் நம் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. ஆண்டை மறக்காமல் இருக்க இது நல்ல வழி.

அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்தவர் டாக்டர் சாந்தா. 2021 ஜனவரியில் தம் 93ஆம் வயதில் கண்மூடும்வரை அந்த மருத்துவமனையே அவருக்கு வீடு. அந்நாளில் தமிழ்நாட்டுப் பெண்களைத் தாக்கிய புற்றுநோய்களில் முதலிடம் கருப்பைவாய்க்கே. அடையாறு போய்ச் சேரும்போது பெரும்பாலானவர்களுக்கு நோய் முற்றியிருக்கும்.

வயதான என் மாணவிகளுக்கு நினைவிருக்கலாம். ஆண்டு நடுவில் திடீரென்று பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் பெண் பிள்ளைகள் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார்கள். விசாரித்தால், "அம்மாவுக்கு வயித்துல கட்டி டீச்சர், தம்பியை நான்தான் பாத்துக்கணும்" என்பார்கள். வயிறு என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. மூத்த பெண்ணின் படிப்பு அதோடு முடியும். ஒரு நோய் இரண்டு தலைமுறையைச் சாய்ப்பதை நான் வருகைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன்.

*கடைசியில் குற்றவாளி பிடிபட்டது*

ஜெர்மனியில் ஹரால்ட் சுர் ஹவுசன் என்ற விஞ்ஞானி 1970களில் ஒரு கருத்தைச் சொன்னார். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அக்கி வகை வைரஸ்தான் காரணம் என்று அப்போது பலர் நம்பினார்கள். இவர், "இல்லை, மரு உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது" என்றார். பலர் நம்பவில்லை. 1983இல் அவருடைய குழு அந்தக் கட்டிகளிலிருந்து 16ஆம் வகை வைரஸைப் பிரித்தெடுத்தது. அடுத்த ஆண்டு 18ஆம் வகை. உலகில் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகளே காரணம். ஹென்றியட்டா லாக்ஸின் செல்களுக்குள் தேடியபோது, 18ஆம் வகை அங்கே உட்கார்ந்திருந்தது.

2008இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மறுபாதி எய்ட்ஸ் கிருமியைக் கண்டறிந்த பிரெஞ்சுக்காரர்கள் பாரே-சினூசி அம்மையாருக்கும் மொந்தாஞியேவுக்கும்.

இந்த வைரஸின் பெயர் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். சுருக்கமாக எச்.பி.வி. இதில் 200க்கு மேல் வகைகள். சில வகைகள் கையிலும் காலிலும் சாதாரண மருவை உண்டாக்கிவிட்டுப் போகும். ஒரு டஜனுக்குச் சற்று மேற்பட்டவைதான் புற்றுநோய்க்கு வழிகாட்டுபவை. அவை உறவின்போது தோலோடு தோல் படுவதால் தொற்றும்.

இப்போது நான் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். மணவாழ்க்கை வாழும் மனிதர்களில் பெரும்பாலோருக்கு, ஆணோ பெண்ணோ, வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வந்து போகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வந்ததே தெரியாது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். மீதிப் பேருக்கு அது உள்ளேயே தங்கிவிடுகிறது. தங்கினாலும் உடனே புற்றுநோய் ஆவதில்லை. செல்கள் மெல்ல மெல்ல மாறி, புற்றாக முற்ற 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளில்கூட ஆகலாம். புகைப்பழக்கமும் ஆபத்தைக் கூட்டும்.

ஆகவே கணவன் ஒருவனையே அறிந்த பெண்ணுக்கும் இது வரும். வந்தால் கணவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் முடியாது. பல ஆண்டுகள் ஓசையின்றிக் கிடக்கும் கிருமி எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. சளி பிடித்தவரை நாம் ஒழுக்கம் கேட்கிறோமா? இதற்கும் கேட்க வேண்டியதில்லை.

ஆண் பிள்ளைகளே, உங்கள் பங்கு இதுதான். கிருமியை நீங்களும் சுமக்கிறீர்கள். தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்பு ஆகிய இடங்களில் வரும் சில புற்றுநோய்களுக்கும் இதே வைரஸ் காரணம்.

*அம்பிளிக்கை*

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கை என்று ஓர் ஊர். அங்கே கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையம் இருக்கிறது. பிரான்சில் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டாக்டர் சங்கரநாராயணன், அம்பிளிக்கை மருத்துவர்களோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். முன்பு கேட்டோமே, வல்லுநரும் ஆய்வகமும் இல்லாத ஊரில் என்ன செய்வது என்று. அதற்கு விடை தேடும் ஆய்வு.

முறை எளிமையானது. பயிற்சி பெற்ற நர்ஸ், கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார். ஊறுகாயில் சேர்க்கும் வினிகர் இருக்கிறதே, அதன் இனம்தான். ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறத் தொடங்கிய செல்கள் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். வெறும் கண்ணால் பார்க்கலாம். விடை அங்கேயே, அப்போதே. வெள்ளை தெரிந்தால் உருப்பெருக்கிக் கருவி வைத்துப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அந்த இடத்தை உறைய வைத்து அழித்துவிடுவார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை, பெரிய அறுவை சிகிச்சையும் இல்லை.

மாவட்டத்தில் 114 தொகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் 57 தொகுதிகளுக்கு இந்தச் சோதனை. மற்ற 57க்கு அன்றைக்கு இருந்த வழக்கமான மருத்துவ வசதி மட்டும். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள். சோதனைப் பகுதியில் 49,311 பேர். மற்றதில் 30,958 பேர்.

சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் 31,343 பேர் வந்தார்கள். மூன்றில் ஏறக்குறைய இரண்டு பங்கு. களை பறிக்கவும் கூலி வேலைக்கும் போகிற பெண்கள், தாங்கள் நன்றாக இருக்கும்போதே, ஒரு வலியும் இல்லாதபோது, இப்படி ஒரு சோதனைக்கு வந்து படுத்தது சாதாரணம் இல்லை. 1,874 பேருக்குப் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் இருப்பது தெரிந்தது. அவர்களில் நூற்றுக்கு 72 பேர் சிகிச்சை பெற்றார்கள்.

2006 வரை கண்காணித்தார்கள். சோதனை நடந்த பகுதியில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் 83 பேர். நடக்காத பகுதியில், அங்கே பெண்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தும், 92 பேர். வயது முதலியவற்றைச் சீர்செய்து பார்த்தபோது நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, ஒரு நர்ஸின் கையால் செய்த சோதனை! 2007இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளிவந்தது. ஏழை நாடுகளுக்கு ஒரு கதவு திறந்தது. பிறகு தமிழ்நாடு அரசும் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, மாநிலம் முழுவதற்கும் இந்தச் சோதனையைக் கொண்டுபோனது.

மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத் பகுதியில் 1,31,746 பெண்களிடம் இன்னொரு பெரிய ஆய்வு நடந்தது. அங்கே வினிகர் முறையால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. ஆனால் வைரஸையே நேரடியாகத் தேடும் எச்.பி.வி. சோதனையை ஒருமுறை செய்த பகுதியில் இறப்பு ஏறக்குறைய பாதியானது. அதனால்தான் இன்று உலக சுகாதார நிறுவனம் அந்தச் சோதனையை முதலில் வைத்துப் பரிந்துரைக்கிறது.

*அந்த 92 பேர்*

வெற்றிக் கதை என்று இங்கே முடித்துவிட்டால் வரலாறு எழுதியதாக ஆகாது.

சோதனை செய்யாத பகுதியில் இறந்தார்களே 92 பேர், அவர்கள் யார்? ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விடப்பட்டவர்கள். பாப் சோதனையால் உயிர் காக்க முடியும் என்று உலகம் அறிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகு, ஒரு பகுதியினரைச் சோதனையே இல்லாமல் விட்டது சரியா என்று பின்னாளில் கடுமையான கேள்வி எழுந்தது. ஆய்வாளர்கள் தரப்பில் சொன்ன பதில்: அந்த ஊர்களில் அன்று எந்தச் சோதனையும் நடைமுறையில் இல்லை, நாங்கள் இருந்ததைப் பறிக்கவில்லை, இப்படி ஒப்பிடாமல் எந்த அரசும் நம்பிப் பணம் செலவழிக்காது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என் மனம் கேள்வி கேட்டவர்கள் பக்கமே சாய்கிறது. இதே ஆய்வு பணக்கார நாட்டில் இப்படி நடந்திருக்குமா என்று ஒருமுறை யோசித்தால் போதும். எது எப்படியானாலும், அந்த 92 பேரின் சாவிலிருந்துதான் நமக்கு இந்தச் சோதனையின் மதிப்பு தெரிந்தது. தெரிந்த பிறகும் நாம் போகாமல் இருந்தால் அவர்கள் கணக்கு வீண்தான்.

போகிறோமா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. முன்னணியில் இருக்கும் தமிழ்நாட்டிலேயே பத்துக்குச் சற்றுக் குறைவு.

*தடுப்பூசியும் ஒரு கையெழுத்தும்*

ஆஸ்திரேலியாவில் இயான் ஃபிரேசரும் சீனாவிலிருந்து வந்த ஜியான் சோவும் 1991இல் வைரஸின் மேலோட்டை மட்டும் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். உள்ளே பருப்பில்லாத வெறும் ஓடு. அது நோய் தராது. ஆனால் உடம்பு அதைப் பார்த்து எதிரியை அடையாளம் கற்றுக்கொள்ளும். அதிலிருந்து பிறந்த தடுப்பூசி 2006இல் புழக்கத்துக்கு வந்தது. ஜியான் சோ அதைப் பார்க்கவில்லை, 1999இலேயே இறந்துவிட்டார்.

பலன்? இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021இல் தெரிந்தது. ஸ்காட்லாந்தில் அதே வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள்.

நம் நாட்டில் இதன் தொடக்கம் சரியாக அமையவில்லை. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஒரு செயல்விளக்கத் திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போட்டார்கள். பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். ஏழு பிள்ளைகள் இறந்தார்கள் என்று செய்தி வந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது போன்ற காரணங்கள் தெரியவந்தன. இறப்புகளுக்கு ஊசி காரணம் இல்லை என்றே விசாரணைக் குழு சொன்னது.

ஆனால் வேறொன்று வெளியே வந்தது. ஒப்புதல் படிவங்களில் ஏராளமானவற்றில் பெற்றோரின் கையெழுத்து இல்லை. விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

நாற்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கழித்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆசிரியரின் கையெழுத்து பெற்றோரின் கையெழுத்து ஆகாது. பால்டிமோரில் ஒரு தாயைக் கேட்காமல் எடுத்தார்கள். கம்மத்தில் தாய்தகப்பனைக் கேட்காமல் போட்டார்கள். ஊசி நல்லதுதான். நல்லதையும் கேட்டுச் செய்ய வேண்டும். கேட்காமல் செய்ததால் ஏற்பட்ட அவநம்பிக்கை இந்த ஊசியை இந்தியாவில் ஆண்டுக்கணக்கில் பின்னுக்குத் தள்ளியது. அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

பிரான்சில் இருக்கும் நம் உறவுகளுக்கு இந்த வேறுபாடு புரியும். அங்கே 2023 முதல் பள்ளியிலேயே, ஆண் பெண் இருபாலருக்கும், இந்த ஊசி போடுகிறார்கள். அதற்கு முன் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட படிவம் வர வேண்டும்.

2010இல் நடந்த நிறுத்தத்தில் இன்னொரு திருப்பமும் உண்டு. அதே காலத்தில் டாக்டர் சங்கரநாராயணன் குழு இந்தியாவில் பல இடங்களில் தனியாக ஒரு தடுப்பூசி ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. அம்பிளிக்கையும் அதில் ஓர் இடம். இரண்டு அல்லது மூன்று ஊசி போட வேண்டிய பிள்ளைகளில் பலருக்கு, அரசு உத்தரவால் ஒன்றோடு நின்றுபோனது. அவர்களை விட்டுவிடாமல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரே ஊசி போட்டவர்களுக்கும் 16, 18 வகைத் தொற்று நீடிக்காமல் 95 சதவீதம் பாதுகாப்பு இருப்பது 2021இல் வெளிவந்தது. இது போன்ற சான்றுகளை வைத்துத்தான், 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரே தவணையும் போதும் என்று ஏற்றுக்கொண்டது. ஏழை நாடுகளுக்குச் செலவு பாதிக்குப் பாதி மிச்சம். ஆக, அம்பிளிக்கை உலகுக்கு இரண்டாவது முறையும் பாடம் சொன்னது.

2018இல் சிக்கிம் மாநிலம் பள்ளிகள் வழியாக, பெற்றோரிடம் விளக்கிச் சொல்லி, இந்த ஊசியைப் பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டியது. 2022இல் புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த 'செர்வாவாக்' என்ற நம் நாட்டு ஊசிக்கும் அனுமதி கிடைத்தது.

*இனி நாம் செய்ய வேண்டியது*

ஒரு நல்ல செய்தி. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. ஊசியும் பரவலான சோதனையும் வருவதற்கு முன்பே அங்கே இந்த நோய் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெண்களின் படிப்பு, தாமதமான திருமணம், குறைந்த பிள்ளைப்பேறு, சுகாதாரம் ஆகியவை காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது வீண்போகவில்லை!

மிச்சத்தை நாம்தான் முடிக்க வேண்டும்.

ஒன்று: 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளை வீட்டில் இருந்தால், குழந்தை மருத்துவரிடம் அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த ஊசியைப் பற்றிக் கேளுங்கள். கிருமி வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். வந்துவிட்ட தொற்றை இது குணப்படுத்தாது. பிள்ளையிடமும் எதற்கு என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நாம் நினைப்பதைவிட அதிகம் புரியும்.

இரண்டு: 30 வயது தாண்டிய பெண்கள் எல்லாரும், ஒரு தொல்லையும் இல்லாவிட்டாலும், சோதனை செய்துகொள்ளுங்கள். ஊசி போட்டவர்களும்தான். நமக்குக் கோரிமேட்டிலேயே ஜிப்மர் இருக்கிறது, அதில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்து வரிசையில் நிற்கிறார்கள். நாமோ உள்ளூரில் இருந்துகொண்டு நாள் பார்க்கிறோம்.

மூன்று: மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், உறவுக்குப் பின் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். இவற்றில் எது இருந்தாலும் "சூடு" என்று மோர் குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே போய்க் காட்டுங்கள். எல்லாமே புற்றுநோயாக இருக்காது. ஆனால் பார்த்தால்தானே தெரியும்.

நான்கு: மருமகன்களே, மகன்களே, மனைவியை "போய்ப் பார்த்துக்கொள்" என்று அனுப்பாமல், ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாவையும் சேர்த்து.

இந்த நோய் நமக்குப் பதினைந்து இருபது ஆண்டு அவகாசம் கொடுக்கிறது. வேறு எந்தக் கொடிய நோய் இவ்வளவு காலம் காத்திருக்கும்? அந்த அவகாசத்தைத் தின்று தீர்ப்பது நம் வெட்கமும் வாய்மூடலும்தான். ஒட்டன்சத்திரத்துப் பக்கம் கூலிக்குப் போன பெண்கள் இருபத்தைந்து ஆண்டுக்கு முன்பே அந்த வெட்கத்தைத் தாண்டி வந்தார்கள். படித்த நாம் தாண்ட முடியாதா?

பதிவுக்கு லைக் போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். இதை வீட்டில் ஒரு பெண்ணுக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். சோதனைக்குப் போய் வந்தவர்கள் "போய் வந்தேன் டீச்சர்" என்று ஒரு வரி எழுதினால் போதும். வேறு விவரம் எதுவும் வேண்டாம். வருகைப் பதிவேடு திறந்தே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
புதுச்சேரி